பெருநாளுக்கு எண்ணெய் பூசிய டயர்கள்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
14.10.2025

அன்பு மகன் பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே நான், வாப்பா, தங்கச்சி ஷிஃபானா மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே மழை வருகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டது, அதற்குத் தைலம் இருக்கிறது, நீ யோசிக்காதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு எதற்கு உம்மா கடிதம் எழுதுகிறா என்று சிரிப்பாய். நான் உன்னோடு கதைக்கும்போதெல்லாம் வாப்பா பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பார், உனக்குத் தெரியும்தானே, இது அவர் கேட்கக் கூடாத கதை. உன் மாமி மகன் அஷ்ரப் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்ப டோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அதுவரைக்கும் இந்தக் கடிதம் தையல் மெஷின் லாச்சியில் நூல்கட்டைகளுக்குக் கீழே இருக்கும், அந்த லாச்சியை என்னைத் தவிர ஒருத்தரும் திறக்கிறதில்லை.

முதலில் வீட்டுப் புதினம். ஷிஃபானாவுக்குக் கல்வியியற் கல்லூரியில் கடைசி வருஷம், வார முடிவில் வருகிறாள், வந்தால் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போனும் கையுமாகத்தான் இருக்கிறாள், ஆனால் இந்த முறை அந்தப் போன் எனக்கு உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன். லைலா டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினொரு சட்டை தைக்கத் தந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே துணி, ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கழுத்து வேண்டுமாம், அளவுக் கொப்பியில் எழுதி எழுதி இப்போது யாருடைய கழுத்து யாருக்கு என்று எனக்கே குழம்பிவிட்டது. மழை இன்னும் பிடிக்கவில்லை, வாடைக்காற்று மட்டும் வந்துவிட்டது. நீ நட்ட மாதுளை முதல் தடவையாக நாலு காய் காய்த்தது, இரண்டை அணில் கொண்டுபோய்விட்டது, மற்ற இரண்டையும் வாப்பா பழைய துணியால் கட்டி வைத்திருக்கிறார், ஒருவரையும் தொட விடமாட்டேன் என்கிறார். அந்த மனிசனுக்கு எதையும் கட்டி வைக்கிற பழக்கம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உனக்குச் சொல்லாமல் மறைத்த ஒரு விஷயம் இருக்கிறது, கோபப்படாமல் வாசி. போன மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் வாப்பா வழக்கம்போல் கெப் வண்டியில் மீனுக்கு ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு இலங்கைத்துறைக்குப் போனார். கிளிவெட்டி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் முன்பக்க இடது டயர் வெடித்துவிட்டது. கெப் இழுத்துக்கொண்டு போய் வயலுக்குள் இறங்கி நின்றிருக்கிறது. வாப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ், நானே கையையும் காலையும் தடவிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, சும்மா ஒரு பஞ்சர், ஐஸ்தான் கரைஞ்சு போயிட்டுது என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். நானும் நம்பிவிட்டேன். அடுத்த நாள் இலங்கைத்துறைச் சின்னப்போடி அண்ணன் போன் எடுத்தார், அவர்தான் அன்றைக்கு டிரக்டர் கொண்டுபோய் மிச்ச ஐஸை ஏற்றினவர். தங்கச்சி, இன்னும் ரெண்டு முழம் அங்கால போயிருந்தா வாய்க்காலுக்குள்ள கவிழ்ந்திருக்கும், டயரைப் பார்த்தனான், மொட்டையாப் போயிக் கம்பி தெரியுது, நாங்க சொன்னா அவர் கேக்கிறார் இல்ல, நீங்கதான் சொல்லோணும் என்றார். அதைவிடப் பெரிய ஆச்சரியம், உள்ளறையில் நாலு புது டயர் கிடக்க இந்த மனிசன் ஏன் மொட்டை டயரில் ஓடுகிறார் என்பதுதான்.

அந்த நாலு டயரையும் நீ மறந்திருக்க மாட்டாய். டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷம், கடைகளில் டயர் என்ற பேச்சே இல்லாத நேரம், நீ உன் மோட்டார் சைக்கிளை விற்றுப்போட்டு கொழும்பில் எங்கேயோ தேடிப் பிடித்து மீன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தாய். வாப்பா அதைப் பார்த்துவிட்டு, உன்னட்ட ஆர் டயர் கேட்ட, சைக்கிளை வித்துப்போட்டு வந்து நிக்கிறாய் என்று முற்றத்தில் வைத்துச் சத்தம் போட்டார். நீ நாலையும் உருட்டிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்தாய். பதினாறாம் நாள் நீ பிளேன் ஏறினாய். கோட்டா டீசல் முடிஞ்சுபோச்சு என்று சொல்லி வாப்பா கட்டுநாயக்க எயார்போட்டுக்கு வரவில்லை, நீ வேனில் போனாய். டீசல் இருந்தது மகன். கானில் பாதிக்கு மேல் இருந்ததை நான் கண்டனான், அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

நீ போன பிறகு அவர் அந்த டயர்களை என் பழைய பெட்சீற்றால் மூடினார். நோன்புப் பெருநாளுக்கு ஒரு தடவை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு தடவை, பள்ளிக்குப் போக முந்திய நாள் குசினிக்கு வந்து ஒரு கோப்பையில் தேங்காயெண்ணெய் கேட்பார். கதவைச் சாத்திக்கொண்டு நாலு டயருக்கும் எண்ணெய் பூசித் துணியால் தேய்த்துத் துடைப்பார், பிள்ளைக்குத் தலைக்கு வைக்கிற மாதிரி. கேட்டால் றப்பர் காயக் கூடாது என்பார். எப்ப போடப் போறீங்க என்று கேட்டால் ஒரே பதில்தான், பஹ்மி வாற அண்டைக்குப் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போவன் என்பார். நீ முதல் வருஷம் வருகிறேன் என்றாய், வரவில்லை. இரண்டாம் வருஷம் லீவு எடுக்காமல் வேலை செய்தால் நல்லது என்றாய். அவரும் அந்த நேரமெல்லாம் பழைய டயருக்குப் பழைய டயர் மாற்றி, ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தார். உனக்கு இது தெரியாது, எனக்கும் சின்னப்போடி அண்ணன் சொல்லும்வரை இவ்வளவு மோசம் என்று தெரியாது.

வெடித்த டயரை முற்றத்தில் போட்டிருந்தார். நான் அதைக் கோபத்தோடு பார்க்கப் போனேன், போன இடத்தில் கோபம் மறந்துபோய்விட்டது. ஏன் தெரியுமா, அதற்குள் துணி இருந்தது! கிழிந்த இடத்தில் நூல் நூலாக நின்றது, பிடித்து இழுத்துப் பார்த்தேன், நல்ல முறுக்கிய நூல், கட்டில் விரிப்புக்குக்கூட அப்படி நூல் கிடைக்காது. முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், டயர் என்றால் றப்பர் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருந்ததைத் தேய்த்துப் பார்த்தேன். 245/75R16 என்று பெரிதாக இருந்தது. ஷிஃபானாவைக் கூப்பிட்டு அந்தப் போனில் தேடச் சொன்னேன். 245 என்பது டயரின் அகலமாம், மில்லிமீற்றரில். 16 என்பது நடுவில் இருக்கிற ரிம்மின் அளவாம், அது அங்குலத்தில். ஒரே சாமானுக்குள் இரண்டு முழக்கோலா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சட்டையின் கையை அங்குலத்திலும் கழுத்தை மில்லிமீற்றரிலும் எழுதினால் எந்தத் தையல்காரியாவது தைப்பாளா. நடுவில் நிற்கிற 75 அங்குலமும் இல்லை மில்லிமீற்றரும் இல்லை, அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு உயரம் என்று அர்த்தமாம். அதை யார் இப்படிக் குழப்பி வைத்தது என்று உனக்குத் தெரியுமா, உன் கம்பெனியில் கேட்டுப் பார்.

R என்றதற்குத்தான் நான் அரை நாள் யோசித்தேன். முந்திய காலத்து டயரில் உள்ளே நூல் சரிவாகப் போகுமாம், நாங்கள் பாவாடைக்குக் குறுக்கு வெட்டு வெட்டுகிற மாதிரி. இப்போதையதில் நூல் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நேராகப் போகிறதாம். குறுக்கில் வெட்டிய துணி இழுபடும், நேரில் வெட்டியது இழுபடாது, இது எனக்குச் சொல்லித் தர வேண்டுமா. அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன், புது டயர் என்றால் நிற்கிற உயரம் முப்பதரை அங்குலம் வர வேண்டும். நாடாவை எடுத்துக்கொண்டுபோய்க் கெப்பின் வலது பக்கச் சில்லைக் குறுக்காக அளந்தேன், முப்பதுக்கு ஒரு நூல் குறைவு. அரை அங்குலத்துக்கு மேல் கிண்ணியாவுக்கும் இலங்கைத்துறைக்கும் நடுவில் ரோட்டோடு போய்விட்டது. வாப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்ன, சில்லுக்குச் சட்டை தைக்கப் போறியா என்றார். ஓம், கழுத்து வட்டக் கழுத்துத்தான் என்றேன். அப்படியே கேட்டேன், பஹ்மி வாங்கித் தந்ததைப் போடுங்களேன் என்று. அது அவன் வரக்குள்ள போடுறதுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, அவர் அதைத் தொடமாட்டார், வேறே நாலு பார்ப்போம் என்று நானே திருகோணமலைக்குப் போனேன். வாப்பாவிடம் கெப்பைக் கேட்டு வாங்கி அஷ்ரப்தான் கூட்டிக்கொண்டு போனான். துறைமுகப் பக்கம் கிருஷாந்த் என்ற ஒரு தம்பி டயர் கடை வைத்திருக்கிறார், மரியாதையான பிள்ளை, ஒரு பொம்பிளை நாடாவோடும் கொப்பியோடும் வந்து நிற்கிறதைப் பார்த்துச் சிரிக்காமல் கதிரை எடுத்துப் போட்டார். அஷ்ரப் உள்ளே போனதும் மினுங்குகிற அலோய் சில்லுப் பக்கம் போய் நின்றுகொண்டான், அகலமான டயர் போட்டால் கெப் சிங்கம் மாதிரி நிற்குமாம், டோஹாவில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்களாம், உண்மையா மகன்? கிருஷாந்த் தம்பி அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், என்ன பாரம் ஏத்துறீங்க, எந்த ரோட்டில ஓடுறீங்க என்று. ஒரு தொன் ஐஸ், திரும்பும்போது மீன், உப்புத் தண்ணி வடியும், கொஞ்சம் தார் ரோடு, கொஞ்சம் கடற்கரை மணல் என்றேன். பிறகு வெளியே வந்து கெப்பின் ரிம் எல்லாவற்றையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். இரண்டு ரிம் விளிம்பில் துரு தின்று பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அம்மா, டயர் மட்டும் மாத்தி வேலை இல்ல, காத்து நிக்காது என்றார்.

எனக்குக் கேள்வி வந்தால் நிற்காது என்று உனக்குத் தெரியும். இரும்பு துருப் பிடிக்கிறதென்றால் அலோய் போட்டால் என்ன என்று கேட்டேன். அலோயையும் உப்பு விடாதாம், பூச்சு கழன்ற இடத்தில் அரித்துக்கொண்டே போகுமாம், அதோடு பாரத்தோடு பள்ளத்தில் விழுந்தால் வெடித்துப் போகும், இரும்பு ரிம் நெளியும், நெளிந்ததைச் சில நேரம் அடித்து எடுக்கலாம் என்றார். அகலமாகப் போட்டால் என்ன என்றேன். வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், முழுசாகத் திருப்பும்போது மட்காட்டில் உராயும், உள்ளே இருக்கிற பேரிங்குக்கும் பாரம் கூடும் என்றார். அஷ்ரப்பின் முகம் இருட்டிப் போய்விட்டது, போன லீவில் அவன் தன்னுடைய வாகனத்துக்கு அப்படித்தான் போட்டவன், திருப்பும் நேரம் கிரீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இதை எழுதினேன் என்று அவனிடம் சொல்லிவிடாதே, கடிதம் கொண்டுவருகிறவன் அவன்தான்.

பிறகு ஒரே அளவு எழுதிய இரண்டு டயரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒன்றில் அளவுக்குப் பக்கத்தில் 111 என்று இருந்தது, மற்றதில் 120. 111 என்றால் ஒரு சில்லு ஆயிரத்துத் தொண்ணூறு கிலோ தாங்கும், 120 என்றால் ஆயிரத்து நானூறு. ஆக்கள் மட்டும் ஏறிப் போகிற வாகனத்துக்கு முந்தியது போதும், ஐஸ் ஏற்றுகிறவர்களுக்குப் பிந்தியதுதான் வேண்டுமாம். கையால் தூக்கிப் பார்த்தேன், பிந்தியது பாரம்தான். வெட்டுக்களும் விதம் விதமாக இருந்தன. பெரிய பெரிய கட்டையாக வெட்டினது சேற்றுக்கும் மணலுக்கும் நல்லதாம், ஆனால் தார் ரோட்டில் சத்தம் போடும், சீக்கிரம் தேயும். மெல்லிய வெட்டு ரோட்டுக்கு நல்லது, மணலில் புதையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது, அதைத்தான் என் கண் பிடித்தது. ஒரு டயரை வாங்குகிறதில் இவ்வளவு இருக்கிறதென்றால் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் இத்தனை வருஷம் என்னத்தைப் பார்த்து வாங்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார், அதற்குள் நாலு இலக்கம். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, பின் இரண்டும் எந்த வருஷம், அதுதான் டயர் பிறந்த நாள் என்றார். எதற்கு டயருக்குப் பிறந்த நாள் என்று கேட்டேன். றப்பருக்கு வயசு போகும் அம்மா, ஓடினாலும் போகும், ஓடாட்டியும் போகும் என்றார். அந்த நேரம் எனக்கு உள்ளறை ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்று சொல்லி, புது டயரை அறையில் மூடி வைத்து வருஷத்துக்கு இரண்டு தடவை தேங்காயெண்ணெய் பூசினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். எண்ணெய் றப்பருக்குக் கூடாது அம்மா, ஊறிப் பதம் கெட்டுப்போகும் என்று மெதுவாகச் சொன்னார். அந்த எண்ணெயைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தது இந்தக் கைதான்.

வீட்டுக்கு வந்து, வாப்பா அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் நானும் ஷிஃபானாவும் பெட்சீற்றைத் தூக்கினோம். பார்க்க என்ன வடிவு, கறுப்புக் கண்ணாடி மாதிரி, மேலே அந்தப் புது டயருக்கு இருக்கிற றப்பர் மயிர்கூட உதிரவில்லை. இலக்கம் வெளிப் பக்கத்தில் இல்லை, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டி வந்தது. நாலிலும் 3118. இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு முப்பத்தோராம் கிழமை. ஷிஃபானா கலண்டரில் பார்த்துச் சொன்னாள், நீ ஏ.எல். பரீட்சைக்கு விடிய விடியப் படித்துக்கொண்டிருந்த கிழமை அது. நீ வாங்கும்போதே அதற்கு நாலு வயது, மகன். ஏமாந்துவிட்டேனே என்று நீ மனம் நோகக் கூடாது, அந்த நேரத்தில் டயர் கிடைத்ததே பெரிய காரியம், கிடைத்த உடனே போட்டிருந்தால் நல்லாக ஓடித் தேய்ந்திருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தேன், எண்ணெய்க்குக் கீழே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. எனக்கு என் மேலேதான் கோபம் வந்தது. அலுமாரியில் பாவிக்காமல் வைத்த இலாஸ்டிக்கை இரண்டு வருஷம் கழித்து எடுத்து இழுத்தால் திரும்பி வராது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அந்தப் புத்தி எனக்கு உள்ளறையில் வேலை செய்யவில்லையே.

வாப்பா வந்ததும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னேன், பஹ்மியின் டயர் வயது போனது, அதில் நீங்கள் கட்டுநாயக்கவுக்குப் போக ஏலாது என்று. சத்தம் போடுவார் என்று கதவுப் பக்கம் நின்றுதான் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரியும் என்றார். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எண்ணெய் பூசும்போதே விரலில் வெடிப்பு தட்டுப்பட்டதாம். பிறகும் ஏன் பூசினீங்க என்று கேட்டேன். வெடிப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூடப் பூசினாராம். அவன் வந்து பார்க்கக்குள்ள புதுசு மாதிரி இருக்கோணும், கெப்பில அதைத்தான் காணோணும், அவனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாத என்றார். அவ்வளவுதான் சொன்னார். முப்பத்தொரு வருஷம் இந்த மனிசனோடு குடித்தனம் நடத்துகிறேன், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக நாலு டயரைப் போட்டுக்கொண்டு எயார்போட் வாசலில் வந்து நிற்கலாம் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அன்றைக்கு நன்றாக அழுதேன், பிறகு நன்றாக ஏசினேன்.

அடுத்த நாள் அவரே கெப்பை எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கிருஷாந்த் தம்பியிடம் வந்தார். எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி ஓரமாக இருப்போம் என்றுதான் போனேன், ஆனால் அவர் 111 டயரைக் கையால் தட்டிப் பார்த்து இது நல்லா இருக்கே என்றதும் பொறுக்க ஏலாமல் எழும்பி, அது ஆக்கள் ஏறுகிறதுக்கு, எங்களுக்கு 120தான் என்றேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா 120ஐயே எடுத்தார், பிறகு பள்ளியடியில் தானே கண்டுபிடித்தது மாதிரி அந்த இலக்கத்தை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாராம். இரும்பு ரிம்தான் எடுத்தோம், ஆறு நட்டுக்காரன், எங்கள் கெப்புக்கு அளவு சரி. ஸ்பெயாரும் சேர்த்து ஐந்து. ஐந்திலும் இலக்கத்தை நானே குனிந்து பார்த்தேன், 2325. அது இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்த கிழமை. அந்தக் கிழமைதான் நீ போன் எடுத்து, உம்மா இந்த முறையும் வர வசதி இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாய். வாப்பா எண்ணெய்க் கோப்பையோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அன்றைக்குத்தான்.

உன்னுடைய நாலையும் என்ன செய்வதென்று எனக்குக் கவலையாக இருந்தது. சின்னப்போடி அண்ணன் கேட்டார், இறங்குதுறையில் தோணி மோதுகிற இடத்தில் கட்டக் கொடுங்கள் என்று. வாப்பாவே ஏற்றினார், ஒருவரையும் கை வைக்க விடவில்லை. பெட்சீற்றால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் ஏற்றினார், எண்ணெய் கேட்கவில்லை. இப்போது நாலும் வரிசையாகக் கயிற்றில் தொங்குகிறதாம், காலையில் மீன் தோணிகள் வந்து அதிலேதான் இடித்து நிற்கிறதாம், நல்ல றப்பர் என்று எல்லாரும் சொல்கிறார்களாம். உள்ளறையில் அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. மெஷினை அங்கே போடலாமா என்று பார்க்கிறேன், வெளிச்சம் போதாது.

இப்போது நீ கேள். புது டயர் போட்ட அடுத்த நாள் காலையிலேயே அவர் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உனக்கென்று எடுத்து வைக்கவில்லை, நான் வைக்க விடவும் மாட்டேன். நீ வரும்போது அது கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும், பரவாயில்லை. ஷிஃபானாவுக்கு வீடு கட்டி முடியும் வரைக்கும் வரமாட்டேன் என்று நீ பிடித்த பிடியில் நிற்கிறாய், எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் அவளே சொல்கிறாள், மேல்மாடி ஒரு வருஷம் பிந்தினால் என்ன, பஹ்மி நானாவின் முகம் இப்போது போனில் பார்த்தால்தான் ஞாபகம் வருகிறது என்று. எனக்கும் அதே பயம்தான் மகன். பிறகு பிறகு என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனி ஏலாது. உன்னை நினைக்காத நேரம் இல்லை, சாப்பாட்டுக்கு இருந்தால் நாலாவது கோப்பையை இன்னமும் கை எடுக்கிறது. டிசம்பரில் லீவு கேள். முப்பது நாள் தராவிட்டால் பதினைந்து நாள் கேள்.

வந்தால் வாப்பாவிடம் டயர் கதை ஒன்றும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. உன்னுடையதைத்தான் போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் ஓம் வாப்பா என்று சொல்லு, குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிடாதே. நீ அங்கே ஓட்டுகிற தண்ணீர் பவுசர் லொறியின் டயர்களைப் பார், எல்லாவற்றிலும் அந்த நாலு இலக்கம் இருக்கும், அந்த வெயிலில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டு எழுது, எனக்கு அறிய ஆசை, பயமாகவும் இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. அஷ்ரப்பிடம் வறுத்த அரிசிமாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் கருவாடும் தந்துவிடுகிறேன், கருவாட்டை மூன்று பொலித்தீனுக்குள் கட்டியிருக்கிறேன், பிரித்ததும் மணக்கும், அறைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. அல்லாஹ் உன் கையையும் காலையும் நீ ஓடுகிற பாதையையும் பாதுகாக்கட்டும், உன்னைச் சுகமாக என் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

உன் முகத்துக்காகக் காத்திருக்கும்,
உம்மா.

பஹ்மி, கத்தரிக்கோல் தேடி மெஷின் லாச்சியைத் திறந்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். டீசல் இருந்தது உண்மை. ஐந்து சில்லிலும் காத்துச் சரியாக இருக்கிறது. அன்றைக்கு முற்றத்தில் வைத்து உன்னிடம் யார் டயர் கேட்டது என்று சொன்னேன், அந்தச் சொல் மூன்று வருஷமாக எனக்குத் தொண்டையில் நிற்கிறது. உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வா, மகன். திகதியைச் சொன்னால் போதும், கட்டுநாயக்கவுக்கு நான்தான் வருவேன். லாச்சியைத் திறந்தது உம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.
வாப்பா.